மெலிவறிதல்: சிறு நாடுகள் தம் பாதுகாப்பை வகுக்கும் முறை



ஐக்கிய நாடுகள் அவையில் இன்று 193 நாடுகள் உறுப்பு வகிக்கின்றன. அவற்றுள் 108 நாடுகள் 'சிறு நாடுகள் மன்றம்' என்ற கூட்டமைப்பில் இருக்கின்றன. மக்கள்தொகை ஒரு கோடிக்கு உட்பட்ட நாடுகளை மனத்தில் கொண்டு, சிங்கப்பூரின் முயற்சியால் 1992இல் 16 நாடுகளோடு தொடங்கிய மன்றம் அது. எண்ணிக்கைப்படி உலக நாடுகளில் பாதிக்கு மேற்பட்டவை சிறு நாடுகளே. ஆயினும் நாட்டுப் பாதுகாப்பைப் பற்றிய படிப்பு பெரும்பாலும் பெருநாடுகளை வைத்தே வளர்ந்திருக்கிறது. எத்தனை கப்பல், எத்தனை ஏவுகணை, எந்தக் கடலில் யார் கை ஓங்கியிருக்கிறது என்ற கேள்விகள் அங்கே முதலில் வருகின்றன. ஒரு தீவிலோ ஒரு கடலோரத் துண்டிலோ சில லட்சம் பேரை வைத்துக்கொண்டு ஆளும் அரசுக்கு அந்தக் கேள்விகளால் பெரிய பயன் இல்லை. அப்படிப்பட்ட அரசு தன் பாதுகாப்பு உத்தியை எங்கே தொடங்குகிறது, எப்படிக் கட்டி எழுப்புகிறது, எதில் சறுக்குகிறது என்பதே இன்றைய உரையின் பொருள்.

திருக்குறளின் பொருட்பாலில் 'வலியறிதல்' என்றோர் அதிகாரம் உண்டு. செயலின் வலிமை, தன் வலிமை, பகைவனின் வலிமை, இருவருக்கும் துணைநிற்பாரின் வலிமை ஆகிய நான்கையும் சீர்தூக்கிய பிறகே செயலில் இறங்க வேண்டும் என்பது அதன் தொடக்கக் கருத்து. பெருநாடு இந்த நான்கையும் எடைபோட்டதோடு நிறுத்திக்கொள்ளலாம். சிறு நாட்டுக்கு ஐந்தாவதாக ஓர் எடை இருக்கிறது. எந்த அடி விழுந்தால் மீண்டும் எழவே முடியாது என்று கண்டறிவது அது. அதை மெலிவறிதல் என்று சொல்வேன். வியட்நாமில் தோற்ற அமெரிக்கா அதன் பிறகும் வல்லரசாகவே நீடித்தது. 1940ஆம் ஆண்டுக் கோடையில் மூன்று பால்டிக் நாடுகள் ஒருசேர உலக வரைபடத்திலிருந்து மறைந்தன. மீண்டுவர அரை நூற்றாண்டு ஆயிற்று. என் வாதம் இதுதான்: சிறு நாட்டின் பாதுகாப்பு உத்தி தன் மெலிவுகளைக் கண்டறிவதிலும், அவற்றுள் எது உயிர்நிலை என்று வரிசைப்படுத்துவதிலும், அந்த வரிசையைத் தன் மக்களிடம் மறைக்காமல் சொல்வதிலும் உருவாகிறது. இம்மூன்றில் கடைசியானதே கடினமானது. மற்ற இரண்டும் பயன்தருமா என்பதைத் தீர்மானிப்பதும் அதுவே.

1939: இரண்டு நாடுகள், இரண்டு விடைகள்

1939ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் சோவியத் ஒன்றியம் தன் வடமேற்கு அண்டை நாடுகளிடம் ஒரே வகையான கோரிக்கையை வைத்தது: படைத்தளங்களுக்கு இடம் வேண்டும். எஸ்தோனியா செப்டம்பர் 28 அன்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தன் மண்ணில் சோவியத் படைகளை ஏற்றுக்கொண்டது. ஒன்பது மாதங்களுக்குள், 1940 ஜூனில், நாடு முழுவதும் ஆக்கிரமிக்கப்பட்டது. பின்லாந்து கோரிக்கையை மறுத்தது. நவம்பர் 30 அன்று போர் தொடங்கியது. 1940 மார்ச் 13 அன்று முடிந்தது. பின்லாந்து ஏறத்தாழ 25,000 பேரை இழந்தது. நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்கு அளவை விட்டுக்கொடுத்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விட்டுக்கொடுத்த கரேலியாவிலிருந்து வீடு வாசலை விட்டு வெளியேறினர். ஆனால் நாடு நாடாகவே இருந்தது.

எதிர்த்தவர் பிழைத்தார், பணிந்தவர் அழிந்தார் என்று இதிலிருந்து எளிய பாடம் எடுத்தால் அது தவறாகிவிடும். எஸ்தோனியாவின் நிலம் தட்டையானது, மக்கள்தொகையும் பின்லாந்தைவிட மிகக் குறைவு. பின்லாந்துக்குக் காடும் பனியும் ஏரிகளும் துணைநின்றன. பின்லாந்தின் பிற்கால முடிவுகள் எல்லாம் சரியானவை என்றும் சொல்லிவிட முடியாது. 1941 முதல் 1944 வரை நாஜி ஜெர்மனியின் பக்கம் நின்று அது நடத்திய போர் அதன் வரலாற்றில் ஆறாத கேள்வியாக இருக்கிறது. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. எஸ்தோனியாவில் 1934 முதல் கான்ஸ்தந்தீன் பாட்ஸ் தனி ஆட்சி நடத்திவந்தார். அரசியல் கட்சிகள் தடைசெய்யப்பட்டிருந்தன. நாட்டின் உயிர்நிலையைத் தொடும் முடிவை ஒரு சிலரே எடுத்தார்கள். எதை இழக்கலாம், எதை இழக்கக் கூடாது என்ற உரையாடல் அரசுக்கும் மக்களுக்கும் இடையே நடந்திருக்கவில்லை.

பின்லாந்திலோ 1918இல் உள்நாட்டுப் போர் நடந்திருந்தது. தொழிலாளர் பக்கம் தோற்று, சிறைமுகாம்களில் ஆயிரக்கணக்கானோர் மாண்டிருந்தார்கள். அந்தப் பிளவே நாட்டின் முதல் மெலிவு என்பதை அதன் தலைவர்கள் உணர்ந்தார்கள். 1937இல் சமூக ஜனநாயகக் கட்சியும் விவசாயிகள் கட்சியும் சேர்ந்து கூட்டணி ஆட்சி அமைத்தன. போர் நடந்துகொண்டிருந்த 1940 ஜனவரியில் முதலாளிகள் சங்கம் தொழிற்சங்கங்களைப் பேச்சுவார்த்தைக்கு உரிய தரப்பாக முதன்முறையாக ஏற்றுக்கொண்டது. சோவியத் தலைமை பின்லாந்துத் தொழிலாளர்கள் தன் பக்கம் சாய்வார்கள் என்று எதிர்பார்த்து ஒரு பொம்மை அரசைக்கூட நிறுவியது. அந்தத் தொழிலாளர்களே போர்முனையில் நின்றார்கள். துப்பாக்கிகளும் பனியும் போலவே, இருபது ஆண்டுக் காயம் ஆறத் தொடங்கியிருந்ததும் அந்த நாட்டைக் காத்தது.

சிங்கப்பூர்: ஐந்து மெலிவுகள்

மெலிவறிதலை ஒரு நிர்வாக முறையாகவே ஆக்கிக்கொண்ட நாடு சிங்கப்பூர். தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாகக் கொண்ட நாடு என்பதாலும் அது நமக்கு நெருக்கமானது. 1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்தபோது அதன் பரப்பு சுமார் 580 சதுர கிலோமீட்டர். மக்கள் ஏறத்தாழ 19 லட்சம் பேர். அன்றைய நிலைமையில் ஐந்து மெலிவுகள் தெளிவாகத் தெரிந்தன. பின்வாங்கிப் போரிட நிலத்தில் இடம் இல்லை. படை என்று சொல்ல இரண்டு காலாட்படைப் பட்டாளங்களே இருந்தன. 1964இல் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் இடையே நடந்த கலவரங்களின் சூடு இன்னும் தணியவில்லை. உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பிரிட்டிஷ் படைத்தளங்களை நம்பி நின்றது. குடிநீரில் பெரும்பகுதி ஜொகூர் நீரிணைக்கு அப்பாலிருந்து குழாயில் வந்தது.

இந்த ஐந்துக்கும் தனித்தனி மருந்து தேடியிருந்தால் பணமும் போதாது, ஆளும் போதாது. ஒரு மெலிவுக்குத் தரும் மருந்து இன்னொரு மெலிவையும் தணிக்க வேண்டும் என்பதே அங்கே உத்தியின் நுட்பமாக அமைந்தது. முதல் தற்காப்பு அமைச்சர் கோ கெங் சுவீ 1967 மார்ச்சில் தேசிய சேவைச் சட்டத்தை நிறைவேற்றினார். சம்பளத்துக்குப் பெரும்படை வைத்துக்கொள்ள வசதி இல்லாத நாட்டுக்கு, பயிற்சி பெற்ற குடிமக்களின் இருப்புப் படை கிடைத்தது. அதே ஏற்பாடு வெவ்வேறு இனத்து இளைஞர்களை ஒரே பாசறையில் தங்கவைத்தது. பயிற்சி தர இஸ்ரேலிய அதிகாரிகள் வந்தபோது அவர்களை மெக்சிகர்கள் என்று சொல்லிவைத்தார்கள். சுற்றிலும் உள்ள முஸ்லிம் பெரும்பான்மை நாடுகளைச் சீண்டக் கூடாது என்ற கவனம் அது. படையைக் கட்டும்போதே அண்டை வீட்டாரின் மனத்தையும் கணக்கில் வைப்பது சிறு நாட்டுக்கு மரியாதைக்காகச் செய்வது மட்டுமில்லை. தவிர்க்க முடியாத பாதுகாப்புச் செலவு.

1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை 1971க்குள் விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. பத்தாயிரக்கணக்கானோரின் வேலை போகும் நிலை. கடற்படைத் தளத்தின் கப்பல் பட்டறையைச் சிங்கப்பூர் வணிகக் கப்பல் பழுதுபார்க்கும் தொழிலாக மாற்றியது. செம்பவாங் பட்டறை அப்படிப் பிறந்தது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா ஆகியவற்றோடு 1971இல் ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடு உருவானது. ஆபத்து வந்தால் கூடிப் பேசுவோம் என்பதற்கு மேல் அது எந்த உறுதியும் தரவில்லை. ஆனால் மலேசியாவும் சிங்கப்பூரும் ஒரே மேசையில் அமர ஒரு காரணத்தை அது தந்தது.

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்த சி. ராஜரத்தினம் முதல் வெளியுறவு அமைச்சர். நாட்டின் உறுதிமொழியை 1966இல் வரைந்தவரும் அவரே. இனமும் மொழியும் மதமும் கடந்த ஒற்றுமையை அந்த உறுதிமொழி முன்வைக்கிறது. 1972இல் அவர் ஆற்றிய உரையொன்றில் சிங்கப்பூரை 'உலக நகரம்' என்று வருணித்தார். பின்னிலம் இல்லாத துறைமுகம் உலகையே பின்னிலமாக்கிக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். இதைப் பொருளியல் கொள்கை என்று மட்டும் படித்தால் பாதியைத் தவறவிடுவோம். பல நாடுகளின் கப்பல்களும் வங்கிகளும் ஆலைகளும் ஒரு தீவில் ஊன்றி நிற்கும்போது அத்தீவின் அமைதி அந்த நாடுகளின் சொந்த நலனாகிறது. ஒரு தீவைக் காப்பதில் பலருக்கு ஆதாயம் உண்டாக்குவதும் அரண் கட்டும் வேலைதான்.

தண்ணீர் என்னும் அரண்

அரண் அதிகாரத்தில் வள்ளுவர் நீர், நிலம், மலை, காடு என்று அரண்களை வகைப்படுத்தும்போது நீரை முதலில் வைக்கிறார். அங்கே அது அகழி நீர். சிங்கப்பூருக்கோ குடிநீரே அரண். 1942 ஜனவரி 31 அன்று பின்வாங்கிய பிரிட்டிஷ் படை ஜொகூர் கடற்பாலத்தைத் தகர்த்தபோது அதனோடு சேர்ந்து சென்ற தண்ணீர்க் குழாயும் அறுந்தது. பிறகு தீவின் நீர்த்தேக்கங்கள் ஜப்பானியர் கைக்குப் போயின. பிப்ரவரி 15 அன்று நகரம் சரணடைந்ததற்கு நீர்த் தட்டுப்பாடும் ஒரு காரணம். சுதந்திரச் சிங்கப்பூர் அந்தப் பாடத்தைத் தன் திட்டத்தின் அடிக்கல்லாக வைத்தது. 1961, 1962 ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் ஜொகூர் நீருக்கு வழிசெய்தன. முதலாவது 2011இல் முடிந்தது. இரண்டாவது நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ள உரிமை தருகிறது, 2061இல் முடிகிறது. அந்த ஆண்டை அங்கே அரசு மறைத்துவைக்கவில்லை. நாடாளுமன்றத்திலும் பள்ளிகளிலும் அது பேசப்படுகிறது.

காலக்கெடு தெரிந்ததால் வேலையும் தெளிவாயிற்று. 1977 முதல் பத்தாண்டு உழைப்பில் சிங்கப்பூர் ஆற்றைத் தூய்மைப்படுத்தினார்கள். அதனால்தான் 2008இல் மரினா அணைக்கட்டைக் கட்டி, நகரின் நடுவே ஒரு நன்னீர்த் தேக்கத்தை உருவாக்க முடிந்தது. கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் புதுநீர் 2003இல் பயன்பாட்டுக்கு வந்தது; கடல்நீரைக் குடிநீராக்கும் முதல் ஆலை 2005இல் துவாசில் இயங்கத் தொடங்கியது. மழைநீர், ஜொகூர் நீர், புதுநீர், கடல்நீர் என்ற நான்கும் 'நான்கு தேசியக் குழாய்கள்' என்று பெயர்பெற்றன. கழிவுநீரிலிருந்து வரும் நீரைக் குடிக்க மக்கள் அருவருக்காமல் இருந்ததற்கும், 2017இல் அறிவித்த 30 விழுக்காட்டு நீர்க்கட்டண உயர்வை முணுமுணுப்போடேனும் ஏற்றுக்கொண்டதற்கும் காரணம், தண்ணீர் ஏன் அருமை என்று அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டிருந்ததே. மெலிவை அறிந்த மக்கள் அதைத் தணிக்க ஆகும் செலவையும் தாங்குகிறார்கள்.

மாலத்தீவில் 2014 டிசம்பரில் நடந்ததை இதன் அருகே வைத்துப் பாருங்கள். தலைநகர் மாலேயின் குடிநீர் கடல்நீர் ஆலையிலிருந்து வருகிறது. அந்த ஆலையில் டிசம்பர் 4 அன்று தீப்பிடித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடிநீரின்றித் தவித்தார்கள். இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. எதிரி எவனும் வரவில்லை, ஒரு குண்டும் வெடிக்கவில்லை. ஒரு தீ விபத்தே தலைநகரை மண்டியிடச் செய்தது. படைக்கும் காவலுக்கும் எவ்வளவு செலவிட்டாலும், எல்லாக் குழாயும் ஒரே இடத்திலிருந்து வருகிறது என்ற மெலிவு கவனிக்கப்படாதபோது அந்தச் செலவு அரணாவதில்லை.

ஆவணம் கடைசியில் வருகிறது

தேசியப் பாதுகாப்பு உத்தி என்றதும் பலர் ஓர் அச்சிட்ட ஆவணத்தையே நினைக்கிறார்கள். வெளிநாட்டு ஆலோசகர்களை வைத்து அப்படியோர் ஆவணத்தை எழுதி வெளியிட்டுவிட்டு, வேலை முடிந்ததாக நினைத்த அரசுகளும் உண்டு. உருப்படியாக நடந்த நாடுகளில் வரிசை வேறு. அடி முதலில் விழுகிறது, எங்கே வலித்தது என்று அரசு நேர்மையாகப் பார்க்கிறது, துறைகளை இணைக்கும் ஓர் அமைப்பு பிறக்கிறது, பழக்கம் ஊறுகிறது, அதன் பிறகே எழுத்து வருகிறது. சிங்கப்பூரில் 2001 டிசம்பரில் ஜெமா இஸ்லாமியா என்ற தீவிரவாத அமைப்பின் குண்டுவெடிப்புச் சதி அம்பலமானது. 2003இல் சார்ஸ் நோய் 238 பேரைத் தொற்றி 33 உயிர்களைக் கொண்டுபோனது. முதலாவது காவல்துறைக்கு உரியது, இரண்டாவது சுகாதாரத் துறைக்கு உரியது என்று பிரித்து வைத்தால் இரண்டையும் சமாளிக்க முடியாது என்பது அப்போது புலப்பட்டது. 2004இல் பிரதமர் அலுவலகத்தின் கீழ் ஓர் ஒருங்கிணைப்புச் செயலகம் உருவாயிற்று. பாதுகாப்பு உத்தி ஆவணமும் அதே ஆண்டு வெளிவந்தது. ஆனால் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1984இல், ராணுவம், குடிமை, பொருளியல், சமூகம், மனோவியல் என்னும் ஐந்து தூண்களோடு 'முழுமைத் தற்காப்பு' தொடங்கியிருந்தது. 2019இல் மின்னிலக்கம் ஆறாவது தூணாயிற்று.

எஸ்தோனியாவின் கதையும் இப்படித்தான். 2007 ஏப்ரலில் தாலினில் ஒரு சோவியத் காலப் போர்வீரர் சிலையை இடம் மாற்றியபோது கலவரம் மூண்டது. அதைத் தொடர்ந்து அரசு, வங்கி, செய்தி நிறுவனங்களின் இணையதளங்கள் வாரக்கணக்கில் தாக்கப்பட்டன. அரசுச் சேவைகளை இணையத்துக்குக் கொண்டுபோனது எஸ்தோனியாவின் பெருமை. அதுவே அதன் மெலிவு என்பதும் அன்று தெரிந்தது. 2008இல் இணையப் பாதுகாப்பு உத்தியை வெளியிட்டது. தகவல்தொழில்நுட்ப வல்லுநர்கள் தன்னார்வப் பாதுகாப்புப் படையில் ஒரு பிரிவாகச் சேர்ந்தார்கள். 2017இல் லக்சம்பர்க்கோடு ஒப்பந்தம் செய்து, அரசின் முக்கியத் தரவுகளின் படியைத் தூதரகத்துக்கு உரிய சட்டப் பாதுகாப்போடு அங்கே வைத்துக்கொண்டது. நிலம் மீண்டும் பறிபோனாலும் நாட்டின் பதிவேடுகள் பிழைக்க வேண்டும் என்ற நினைப்பு அதன் பின்னே இருக்கிறது. 1940ஐ அனுபவித்த ஒரு நாட்டுக்கே அப்படி யோசிக்க வரும்.

பின்லாந்து 1961 முதல் நாடாளுமன்ற உறுப்பினர், தொழிலதிபர், தொழிற்சங்கத் தலைவர், பத்திரிகையாசிரியர் ஆகியோரை அழைத்துத் தேசியத் தற்காப்பு வகுப்புகள் நடத்திவருகிறது. நெருக்கடி வரும் நாளில் முதன்முறையாகச் சந்திக்கக் கூடாதவர்கள் இவர்கள் என்பது அதன் கருத்து. நெருக்கடிக் காலப் பொருள் இருப்பைப் பார்த்துக்கொள்ளத் தனி நிறுவனம் இருக்கிறது. சுமார் 55 லட்சம் மக்கள் உள்ள நாட்டில் 48 லட்சம் பேர் ஒதுங்கப் பாதுகாப்பிடங்கள் இருக்கின்றன. சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு ஐரோப்பாவில் பல நாடுகள் கட்டாயப் படைச்சேவையைக் கைவிட்டன, பின்லாந்து விடவில்லை. அண்டை நாட்டில் ஆட்சி மாறும், 1,300 கிலோமீட்டர் எல்லை மாறாது என்பது அவர்கள் கணக்கு.

பொதுச் சட்டமும் ஓர் அரண்

தன் மெலிவை உணர்ந்த நாடு சட்டத்தின் அருமையையும் உணர்கிறது. 1988 நவம்பர் 3 அன்று, இலங்கைத் தமிழ் ஆயுதக் குழுவான தமிழீழ மக்கள் விடுதலைக் கழகத்தைச் சேர்ந்தவர்களைக் கூலிப்படையாகக் கொண்டு சிலர் மாலத்தீவு அரசைக் கவிழ்க்க முயன்றார்கள். அதிபர் கயூம் உதவி கேட்டதும் இந்தியா அன்றிரவே வான்குடைப் படையை இறக்கி முறியடித்தது. மாலத்தீவு நன்றி சொன்னதோடு நின்றுவிடவில்லை. அடுத்த ஆண்டே சிறு நாடுகளின் பாதுகாப்பு பற்றிய தீர்மானம் ஐநா பொதுச்சபையில் நிறைவேற வழிசெய்தது. அண்டை நாட்டின் நல்ல மனம் ஒரு முறை காப்பாற்றியதை எல்லாருக்கும் உரிய விதியாக்கிவிட வேண்டும் என்ற முயற்சி அது.

விதியை நம்புகிறவர் நண்பர் மீறினாலும் கண்டிக்க வேண்டும். 1978 இறுதியில் வியட்நாம் கம்போடியாவுக்குள் படை அனுப்பியபோது சிங்கப்பூர் அதை ஆண்டுக்கணக்கில் எதிர்த்தது. 1983இல் அமெரிக்கா கிரெனடா தீவில் இறங்கியபோதும் ஐநா பொதுச்சபையில் அச்செயலைக் கண்டித்த தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. அமெரிக்காவின் நட்பு அதற்கு எவ்வளவு வேண்டியது என்பது தெரிந்தே எடுத்த முடிவு அது. பெரிய நாடு சிறிய நாட்டுக்குள் காரணம் சொல்லி நுழையலாம் என்று ஒரு முறை ஒப்புக்கொண்டால், அந்தக் காரணம் நாளை தன் வாசலுக்கும் வரும் என்பதே அதன் நியாயம். அதே சிங்கப்பூர் பெட்ரா பிராங்கா என்ற சிறு பாறைத்தீவின் உரிமையை மலேசியாவோடு சேர்ந்து அனைத்துலக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய், 2008இல் தீர்ப்பைப் பெற்றது. அருகிலிருந்த இன்னொரு பாறை மலேசியாவுக்கு என்று வந்த பகுதியையும் ஏற்றுக்கொண்டது.

மறுப்புகளுக்கு விடை

முதல் மறுப்பு: இவ்வளவு பாடு எதற்கு, ஒரு வல்லரசின் குடைக்குள் போய்விடலாமே? போகலாம், ஐஸ்லாந்து போயிற்று. சொந்தப் படை இல்லாத அந்நாடு 1949இல் நேட்டோவின் நிறுவன உறுப்பினராயிற்று, 1951இல் அமெரிக்கப் பாதுகாப்பை ஏற்றது. ஆனால் குடைக்குள் இருந்துகொண்டே, நேட்டோவின் மற்றோர் உறுப்பினரான பிரிட்டனோடு மீன்பிடி எல்லைக்காக மோதி, 1976இல் 200 கடல் மைல் உரிமையை வென்றது. மீன்வளம் போனால் நாடே இல்லை என்ற தன் உயிர்நிலையை அது அறிந்திருந்தது. 2006இல் அமெரிக்கா தன் படைகளைத் திரும்பப் பெற்றபோது குடை நிலையானதில்லை என்பதும் தெரிந்தது. 2016இல் நாடாளுமன்றம் நாட்டின் முதல் பாதுகாப்புக் கொள்கையை நிறைவேற்றியது. குடை மெலிவறிதலுக்கு மாற்றாகாது. எதற்காகக் குடை வேண்டும் என்று தெரியாதவர், அது எப்போது விலகுகிறது என்பதையும் நனைந்த பிறகுதான் அறிவார்.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது: படையே வேண்டாம் என்ற கோஸ்டாரிகா பிழைக்கவில்லையா? பிழைத்தது, மதிப்போடு பிழைத்தது. 1948 டிசம்பர் 1 அன்று படையைக் கலைத்து, 1949 அரசியலமைப்பில் அதை உறுதிசெய்தது. ஆனால் படையைக் கலைத்த அதே மாதத்தில் நிகரகுவா பக்கமிருந்து ஊடுருவல் வந்தபோது, அமெரிக்கக் கண்டத்து நாடுகளின் கூட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கையை உடனே துணைக்கு அழைத்தது. பின்னொரு காலத்தில் எல்லைத் தகராறை அனைத்துலக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய் 2015இல் வென்றது. அதன் அன்றைய மெலிவு ராணுவமே ஆட்சியைக் கைப்பற்றும் ஆபத்து. அதற்கேற்ற மருந்தை அது எடுத்தது. சிங்கப்பூர் படையைக் கட்டியதும் கோஸ்டாரிகா கலைத்ததும் ஒரே வழிமுறையின் இரண்டு விடைகள். ஒரு நாட்டின் விடையை இன்னொரு நாடு பார்த்து எழுதக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மூன்றாவது மறுப்பு: பெருநாடு நசுக்க நினைத்தால் எந்த உத்தியாலும் பயனில்லை. 1990 ஆகஸ்ட் 2 அன்று குவைத் ஒரே நாளில் வீழ்ந்தது உண்மை. அது ஏழு மாதத்தில் மீண்டதும் உண்மை. ஐநாவின் விதியும், அதன் எண்ணெயில் பிறருக்கு இருந்த நலனும், நாட்டுக்கு வெளியே உயிரோடு இருந்த அதன் அரசும் முதலீடுகளும் மீட்டுத் தந்தன. உத்தி அடியைத் தடுக்காமல் போகலாம். அடிக்குப் பிறகு எழ முடியுமா என்பதை அது தீர்மானிக்கிறது. மேலும், பெருநாடுகள் விலையைக் கணக்கிட்டே கை வைக்கின்றன. அந்த விலையை உயர்த்தி வைப்பது சிறு நாட்டின் கையில் இருக்கிறது.

நான்காவது மறுப்பே கனமானது. மெலிவைப் பற்றி ஓயாமல் பேசும் அரசு அச்சத்தை ஆட்சிக்கருவியாக்கிக்கொள்ளாதா? ஆக்கிக்கொள்ளும், சிங்கப்பூரிலேயே அது நடந்திருக்கிறது. 1963 பிப்ரவரியில் 'கோல்ட்ஸ்டோர்' நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விசாரணையின்றிச் சிறைவைக்கப்பட்டார்கள். நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த சியா தை போ 1966இல் கைதாகி, விசாரணையே இல்லாமல் 23 ஆண்டுகள் சிறையில் இருந்தார். கட்டுப்பாடுகள் முழுதும் நீங்க 1998 ஆயிற்று. நாட்டின் இளமைக்கால ஆபத்துகளைச் சொல்லி இதை நியாயப்படுத்த நான் வரவில்லை. சமூகத் தற்காப்பும் மனோவியல் தற்காப்பும் குடிமக்களின் நம்பிக்கையால் நிற்பவை. கேள்வி கேட்டவரை விசாரணையின்றி அடைத்துவைக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நம்பிக்கை என்னும் மூலதனத்திலிருந்து அரசு எடுத்துச் செலவழிக்கிறது.

ஆகவே உண்மையான மெலிவறிதலையும் அச்ச வணிகத்தையும் பிரித்தறிய இரண்டு உரைகல்களை முன்வைக்கிறேன். அரசு சொல்லும் மெலிவைக் குடிமகன் தானே சரிபார்க்க முடிகிறதா? 2061 என்ற ஆண்டை எவரும் சரிபார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத சதிகாரனை அப்படிச் சரிபார்க்க முடியாது. இரண்டாவது, காலம் மாறும்போது பட்டியலும் மாறுகிறதா, அந்த மாற்றத்தில் மக்களுக்குப் பங்கு உண்டா? 2022இல் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தபோது பின்லாந்தில் படைக்கூட்டணிகளில் சேராத பல பத்தாண்டுக் கொள்கை சில மாதங்களில் மாறியது. முதலில் மக்கள் கருத்து மாறியது, பிறகு கட்சிகள் மாறின, மே மாதத்தில் நேட்டோவில் சேர விண்ணப்பிக்கும் முடிவை நாடாளுமன்றம் 188க்கு 8 என்ற வாக்குகளில் ஏற்றது. 1939இல் எஸ்தோனியாவில் நடக்காத உரையாடல் இங்கே பட்டப்பகலில் நடந்தது.

முடிவாக

அரண் எவ்வளவு சிறப்புடையதாயினும் உள்ளிருப்போர் செயல்திறம் இல்லாதவராயின் அதனால் பயனில்லை என்று அரண் அதிகாரத்தை வள்ளுவர் முடிக்கிறார். சிறு நாடுகளின் நூற்றாண்டு அனுபவமும் அதையே சொல்கிறது. படையை வாங்கலாம், துணையைத் தேடலாம், ஆவணத்தை எழுதிக்கொள்ளலாம். தன் நாடு எந்த இடத்தில் ஒடியும் என்று அறிந்து, அந்த இடத்தில் தோள்கொடுக்கும் குடிமக்களை விலைக்கு வாங்க முடியாது. அவர்களிடம் உண்மையைச் சொல்லியே அவர்களைப் பெற முடியும். இத்துறையைப் படிக்க வரும் மாணவர்களை நான் வேண்டுவது இது: ஆயுதப் பட்டியல்களோடு தண்ணீர் ஒப்பந்தங்களையும், உணவு இருப்புக் கணக்கையும், தொழிற்சங்க உடன்பாடுகளையும், நாடாளுமன்ற விவாதங்களையும் சேர்த்துப் படியுங்கள். ஒரு நாட்டின் உண்மையான பாதுகாப்பு உத்தி அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது.

சிங்கப்பூர் தன் முழுமைத் தற்காப்பு நாளாக ஒரு வெற்றி நாளைத் தேர்ந்தெடுக்கவில்லை. 1942இல் நகரம் சரணடைந்த பிப்ரவரி 15ஐத் தேர்ந்தெடுத்தது. அந்த நாளில் மாலை 6.20க்கு, சரணடைந்த அதே நேரத்தில், தீவு முழுவதும் அபாயச் சங்கு ஒலிக்கிறது. பள்ளிப் பிள்ளைகளும் அதைக் கேட்கிறார்கள். ஏன் ஒலிக்கிறது என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.